கன்னி பூசையில் என் பேத்திக்கு ஒரு மனை

ஆலயத் தலைவர் ஐயா அவர்களுக்கும் செயலவையினருக்கும்,

வணக்கம். சென்ற நவராத்திரியில், சிறுமிகளை அம்மனாக எண்ணி மனைப் பலகையில் உட்கார வைத்துக் கால் கழுவும் கன்னி பூசையில் நடந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். அதைப் பற்றி மார்ச் மாதம் கொடுத்த கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. (சந்தா பாக்கி மட்டும் மாதம் தவறாமல் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது.) அதனால்தான் ஊரே படிக்கும்படி எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான்: இந்த நவராத்திரியில் என் பேத்தியை அதே வரிசையில், அதே மனையில் உட்கார வையுங்கள்.

அன்று ஒன்பது பிள்ளைகள். இவள் ஐந்தாவது. வலது காலைக் கழுவி மஞ்சள் பூசியாயிற்று. இடது காலை எடுக்கும்போது உங்களில் ஒருவர் குனிந்து முகத்தைப் பார்த்தார். "ஒரு கண்ணு நீலமால்ல இருக்கு, ராசி இல்லாத பிள்ளை, எழுப்பு" என்றார். மைக் திறந்திருந்தது. ஈரம் காயாத மனையில் வேறொரு பிள்ளை உட்கார்ந்தது. இவள் ஒரு கால் மஞ்சளோடு வீட்டுக்கு நடந்து வந்தாள். கழுவ விடவில்லை. மஞ்சள் அழிந்துவிடும் என்று இரண்டு நாள் சிலிப்பரும் போடவில்லை. எட்டு வயது, ஐயா.

நான் முப்பது வருடம் தோட்டத்து டிரசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்தவன். ஆகவே கொஞ்சம் சொல்லலாம். மெலனின் என்ற நிறமி ஒரு கருவிழியில் நிறைந்தும் மற்றதில் குறைந்தும் பிறப்பதுதான் இது. நீலக் கண்ணில் நீலச்சாயம் ஏதும் கிடையாது. வெளிச்சம் சிதறி அப்படித் தெரிகிறது, வானம் தெரிவது போல. பெரும்பாலும் பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. சிலருக்கு மட்டும் இதோடு காதும் கேட்காமல் போகும். வார்டன்பர்க் என்ற டச்சுக் கண் மருத்துவர் 1951இல் விவரித்து எழுதியது அது.

டிரசராக இருந்த எனக்கே அது உறைக்கவில்லை. பூசைக்குப் பிறகுதான் ஈப்போவுக்குக் கொண்டுபோய்க் காதைச் சோதித்தோம். இடது காது கேட்கவில்லை. இடப்பக்கமிருந்து கூப்பிட்டுத் திரும்பாதபோதெல்லாம் "திமிரு" என்று எத்தனை குட்டு வாங்கியிருப்பாள்! என்னிடமும்தான் வாங்கினாள். அன்று கோயில் ஸ்பீக்கர் அவளுக்கு வலப்பக்கம் இருந்தது.

நீங்கள் கூட்டம் போடும் மண்டபத்துச் சுவரில் கண்ணப்பர் படம் மாட்டியிருக்கிறது. காளத்தியப்பன் கண்ணில் ரத்தம் வடிந்ததும் அந்த வேடர் தன் கண்ணைப் பிடுங்கி அப்பினார் அல்லவா? அப்புறம் அந்தச் சாமிக்கு இரண்டு கண்ணும் ஒன்று போலவா இருந்திருக்கும்? யாரும் அவரை மனையிலிருந்து எழுப்பவில்லை.

ராசி என்றீர்கள். 491 முதல் 518 வரை கான்ஸ்டாண்டிநோபிளில் ஆண்ட அனஸ்தாசியுஸ் என்ற பேரரசருக்கும் இரு கண்ணும் இரு நிறம். அதை வைத்தே பட்டப்பெயர். கஜானா நிறையப் பணம் வைத்துவிட்டுத்தான் செத்தார். இரண்டு கண்ணும் ஒரே நிறமாக உள்ள நம் செயலவை, இரண்டு வருடமாகக் கணக்கு காட்டவில்லை. திருவிழாவுக்கு வரும் டத்தோ பட்டக்காரருக்கு ஆளுயர மாலை போடப் பணம் இருக்கிறது. பிள்ளைகளின் தேவார வகுப்பு மட்டும் ஆசிரியர் சம்பளத்துக்கு வழியில்லாமல் நின்றுபோனது. ரப்பர் பால்மரம் வெட்டிய கைகள் ஆளுக்கு ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி போட்டு எழுப்பிய கோயில் இது.

மன்னியுங்கள். கணக்கு கேட்க வரவில்லை, மனை கேட்க வந்தேன். இந்த நவராத்திரியில் அவளை உட்கார வைத்து, விட்டுப்போன இடது காலுக்கும் மஞ்சள் பூசும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். சொன்னவர் பெயரை நான் எழுதவில்லை. அவர் வீட்டிலும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பதிலை எழுத்தில் தந்தால் போதும். அவளிடமே நேரில் சொல்ல மனம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள், மாலையில் இருப்பாள். வலப்பக்கமாக உட்கார்ந்து பேசுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டத்து டிரசர்,
சுங்கை சிப்புட்