வலிப்பு மாத்திரை பற்றி மகளுக்கு

மேலூர்

அன்புள்ள மகள் தேன்மொழிக்கு,

நீ கைப்பேசியில் அனுப்பிய மருந்துச் சீட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டைவால்ப்ராக்ஸ் என்பது வால்ப்ரோயேட்டின் ஒரு வடிவம். நம் மருந்துக் கடையில் வலிப்பு நோயாளிகளுக்கு நாள்தோறும் எடுத்துக் கொடுத்த மருந்துதான். மாத்திரை அட்டையைக் கண்டு உன் மாமியார், "இது காக்காய் வலிப்புக்குத் தருவதாயிற்றே" என்று பதறியதில் வியப்பில்லை. உனக்கு வலிப்பு இல்லை, தாயி. பேருந்து கவிழ்ந்த இரவு முதல் விடாமல் வரும் கனவுகளுக்கும், ஹார்ன் ஒலி கேட்டாலே உடல் நடுங்குவதற்கும், காரணமின்றி வரும் கோபத்துக்கும்தான் மருத்துவர் அதை எழுதியிருக்கிறார். பேரதிர்ச்சிக்குப் பின் வரும் இந்த மனநோயை PTSD என்பார்கள்.

வலிப்பு மருந்து இந்த நோய்க்கு எப்படி வந்தது என்று கேட்டிருந்தாய். எலிகளின் மூளையில், அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதியில், மிக மெல்லிய மின்சாரத்தைத் திரும்பத் திரும்பச் செலுத்தினால், முதலில் ஒன்றுமே செய்யாத அதே அளவு மின்சாரம் நாளடைவில் வலிப்பை உண்டாக்கிவிடுகிறது என்று 1960களில் கோடார்டு என்ற ஆய்வாளர் கண்டார். சுள்ளி மெல்லப் பற்றிக்கொள்வது போன்ற இந்த நிகழ்வுதான் பேரதிர்ச்சிக்கு ஆளானவர்களுக்கும் நேர்கிறதோ, ஒவ்வொரு முறை நினைவு திரும்பும்போதும் மூளையின் கூருணர்வு ஏறிக்கொண்டே போகிறதோ என்று சிலர் கருதினார்கள். அதனால் வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களுக்கு 1980களில் கார்பமாசிபைன் என்ற வலிப்பு மருந்தையும், பிறகு வால்ப்ரோயேட்டையும் கொடுத்துப் பார்த்தார்கள். சிலருக்குக் கோபமும் தூக்கமின்மையும் தணிந்தன.

ஆனால் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுச் சோதித்தபோது கதை மாறியது. 2007இல் 232 பேரிடம் டியாகபைன் என்ற வலிப்பு மருந்தும், 2008இல் 85 முன்னாள் வீரர்களிடம் டைவால்ப்ராக்ஸும் சோதிக்கப்பட்டன. இரண்டுமே வெற்று மாத்திரையை மிஞ்சவில்லை. டோபிரமேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்து சில சிறு ஆய்வுகளில் ஓரளவு நம்பிக்கை தந்திருக்கிறது, அவ்வளவே. அமெரிக்க முன்னாள் படைவீரர் துறையின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டி, இந்நோய்க்கு டைவால்ப்ராக்ஸ் வேண்டாம் என்றே சொன்னது. அழகான கருதுகோள்தான், ஆனால் கடைக்காரனாகிய எனக்குக் கருதுகோளைவிடக் கணக்கே பெரிது.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. நீங்கள் இருவரும் குழந்தைக்காகக் காத்திருப்பதாக உன் அம்மா சொன்னாள். கருவுற்ற காலத்தில் வால்ப்ரோயேட் எடுத்த தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகளில் 100க்குச் சுமார் 10 பேருக்குப் பிறவிக் குறைபாடும், 30 முதல் 40 பேருக்கு வளர்ச்சியிலும் கற்றலிலும் சிக்கலும் ஏற்படுகின்றன. முதுகுத்தண்டு உருவாவது முதல் சில வாரங்களிலேயே என்பதால், நாள் தள்ளிப்போனதை நீ அறிவதற்குள் தீங்கு நேர்ந்திருக்கலாம். ஃபோலிக் அமில மாத்திரை இதற்கு முழுக் காப்பு ஆகாது. குழந்தைக்கு முயல்வதை மருத்துவரிடம் நீ சொன்னாயா, அவர் கேட்டாரா என்பது சீட்டிலிருந்து எனக்குத் தெரியவில்லை.

ஆகவே உடனே அவரைப் போய்ப் பார். அதுவரை குழந்தை முயற்சியைத் தள்ளிவை. அவரைக் கேட்காமல் நீயாக மாத்திரையை நிறுத்திவிடாதே. வலிப்பு மருந்துகளைத் திடீரென்று விடுவது நல்லதன்று. மனச்சோர்வுக்குத் தரும் செர்ட்ராலின் போன்ற மருந்து பொருந்துமா என்று கேள். 1999இல் அமெரிக்காவில் இந்நோய்க்கென்றே முதலில் ஒப்புதல் பெற்றது அதுதான். அதையும் கருவுறும் எண்ணத்தைச் சொல்லிவிட்டே பேச வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்பாக, பயிற்சி பெற்றவரின் துணையோடு அந்த இரவின் நினைவைப் படிப்படியாக எதிர்கொள்ளும் பேச்சு சிகிச்சை அங்கே கிடைக்குமா என்று விசாரி. வழிகாட்டிகள் மருந்துக்கு முன்னால் வைப்பது அதைத்தான்.

உன் அம்மா இதைப் பயந்த கோளாறு என்கிறாள். பாண்டி கோயிலில் மந்திரித்த கயிற்றை உனக்கு அனுப்பப் போகிறாள். கட்டிக்கொள், அவளுக்கு ஆறுதலாக இருக்கும்; சிகிச்சையை மட்டும் அதற்காக விடாதே.

மருத்துவரிடம் போகும் நாளைச் சொன்னால் நான் முதல் நாளே கோவைக்கு ரயிலில் வந்துவிடுகிறேன். இதற்காக நீ பேருந்து ஏறி இங்கே வர வேண்டாம்.

அன்புடன்,
அப்பா