அத பேய்ப்படம்னு எழுதாதீங்க சார்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்புல அனிமேங்கற ஜப்பான் அனிமேஷன் படங்கள பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். எங்க வீட்டுக்கு உங்க பத்திரிகை என் அப்பா காலத்துல இருந்து வருது, அதனால கோபத்த விட மனவருத்தம்தான் அதிகம்னு முதல்லயே சொல்லிடறேன். ஜப்பான்காரங்களுக்கு மதம்னு பெருசா ஒண்ணும் கிடையாது, அதனாலதான் பேய் பிசாச வச்சே கதை பண்ணிட்டு இருக்காங்கன்னு ஒரு வரி போட்டிருந்தீங்க. பக்கத்துலயே ஸ்பிரிட்டட் அவே படத்தோட ஸ்டில், அதுக்குக் கீழ குழந்தைகளுக்கான பேய்ப்படம்னு ஒரு கேப்ஷன் வேற.

உங்களுக்கு அது ஒரு வரிதான். எனக்கு நடந்தது என்னன்னா, என் பொண்ணு நோட்டோட கடைசி பக்கத்துல அந்தப் படத்துல வர்ற முகமூடி போட்ட கவோனாஷிய வரைஞ்சு வச்சிருந்தா, அதுக்காக ஸ்கூல்ல கூப்பிட்டு அனுப்பினாங்க, போனா மிஸ் உங்க பக்கத்த என் முன்னாடி விரிச்சு வச்சு, பேப்பர்லயே போட்டிருக்கு பாருங்க மேடம், பிள்ளைக்கு இந்த மாதிரி காட்டாதீங்கன்னு சொன்னாங்க. அச்சுல வந்துட்டா அதுக்கு மேல நான் என்ன பேசினாலும் எடுபடல.

மதம் கிடையாதுங்கறதையே முதல்ல எடுத்துக்குவோம். ஜப்பான்ல அவங்களோட பூர்வீக மதமான ஷிண்டோவோட கோயில் மட்டுமே ஏறக்குறைய 80,000 இருக்கு, பௌத்த கோயிலும் கிட்டத்தட்ட அந்த அளவு. அரசாங்கம் எடுக்கிற கணக்குல ஷிண்டோ ஆளுங்களையும் பௌத்தர்களையும் கூட்டினா நாட்டு ஜனத்தொகையையே தாண்டிடும், ஏன்னா ஒரே குடும்பம் பொறந்த குழந்தைய ஷிண்டோ கோயிலுக்குத் தூக்கிட்டு போகும், யாராவது தவறிட்டா பௌத்த பிக்குவ கூப்பிட்டு சடங்கு பண்ணும். எனக்கு மதம் இல்லன்னு அவங்கள்ல நிறைய பேர் சொல்லுவாங்கதான், ஆனா புத்தாண்டு பொறந்தா குளிர்ல கோயில் வரிசைல நிப்பாங்க. பத்திரிகை நடத்துற உங்களுக்கு இது தெரியாம இருக்காது.

இப்ப ஸ்பிரிட்டட் அவேக்கு வர்றேன். 2001ல ஜப்பான் இயக்குநர் மியாசாகி எடுத்தது, 2002ல பெர்லின் திரைப்பட விழால தங்கக் கரடி விருது, அடுத்த வருஷம் ஆஸ்கர். விருத விடுங்க. அந்தக் கதை நடக்கிற இடமே சாமிங்க வந்து குளிச்சு களைப்பாறிட்டு போற ஒரு குளியல் கூடம். நாகானோ பக்கம் மலை கிராமங்கள்ல டிசம்பர்ல ஷிமோட்சுகினு ஒரு திருவிழா உண்டு, பெரிய கொப்பரைல வெந்நீர் கொதிக்க வச்சு நாட்டுல இருக்கிற சாமிங்களையெல்லாம் வரவழைச்சு அந்த நீர சமர்ப்பிப்பாங்க, அங்க இருந்துதான் மியாசாகிக்கு இந்த யோசனை. 712ல எழுதின கொஜிகிங்கற அவங்க புராண நூல்ல இசனாகிங்கற சாமி செத்தவங்க உலகத்துல இருந்து திரும்பி வந்து ஆத்துல இறங்கி தீட்ட கழுவுறார், இடது கண்ண கழுவும்போதுதான் சூரிய தேவி அமதெராசு பிறக்கிறா. அவ்வளவு பழைய நம்பிக்கை சார் அது, குளிக்கிறதுங்கறது அவங்களுக்கு வெறும் உடம்பு சமாச்சாரம் இல்ல.

படத்துல ஊரே மூக்க பொத்திக்கிற மாதிரி ஒரு சேத்து உருவம் வரும், யாரும் கிட்ட போக மாட்டாங்க. சிஹிரோங்கற அந்த சின்னப் பொண்ணுதான் சேத்துக்குள்ள இறங்கி அதோட உடம்புல குத்தி நிக்கிற எதையோ கண்டுபிடிப்பா, எல்லாரும் சேர்ந்து கயிறு கட்டி இழுத்தா பழைய சைக்கிள், குப்பை, கூளம் எல்லாம் கொட்டும், உள்ள இருந்தது ஒரு ஆத்து சாமி. ஆறு ஒண்ண சுத்தம் பண்ண போனப்ப மியாசாகி நிஜமாவே ஒரு சைக்கிள வெளிய இழுத்த அனுபவம்தான் அது. சிஹிரோவுக்கு உதவுற ஹாக்குங்கற பையனும் நிஜத்துல ஒரு ஆத்து சாமி, அந்த ஆத்த அபார்ட்மெண்ட் கட்ட மூடிட்டாங்க, அதான் அவனுக்கு திரும்பி போக இடமே இல்ல. பிரதோஷம் தவறாத என் மாமியாருக்கு சினிமான்னாலே ஆகாது, அவங்க பேத்தி பக்கத்துல உக்காந்து இத பாத்தாங்க, அந்த ஆத்து சாமி சுத்தமாகி சிரிச்சுகிட்டே பறந்து போற இடத்துல கைய எடுத்து கும்பிட்டாங்க. அவங்களுக்கு யாரும் ஷிண்டோ பாடம் எடுக்கல. அந்த எழுபது வயசு அம்மாவுக்கு புரிஞ்சது உங்க கட்டுரையாளருக்கு ஏன் புரியல?

அப்படி படத்த முழுசா பாத்திருந்தா இன்னொண்ணும் புரிஞ்சிருக்கும். இந்தக் கதைகள்ல கோபமா வர்றத அடிச்சு ஒழிக்கிறது முடிவு இல்ல, அதோட வலி என்னன்னு கேக்கிறதுதான் முக்கியம். 1997ல வந்த பிரின்சஸ் மோனோனோகே தொடக்கத்துல உடம்புல இரும்புக் குண்டு பாஞ்ச ஒரு பன்றி தெய்வம் வெறி பிடிச்சு ஊருக்குள்ள வருது, நாயகன் அஷிடாகா வேற வழியில்லாம அம்பு விடுறான், அது விழுந்து கிடக்கும்போது ஊர் மூதாட்டி மண்டியிட்டு வணங்கி, உனக்கு இங்கயே மேடு எழுப்பி வழிபாடு பண்றோம், எங்க மேல வெறுப்பு வேண்டாம்னு வேண்டுறாங்க. இது மியாசாகியோட கற்பனை மட்டும் இல்ல. சுகவாரா நோ மிச்சிசானேனு ஒரு பெரிய அறிஞர், பொய்ப் பழி போட்டு தலைநகர விட்டே அனுப்பிட்டாங்க, 903ல தசைஃபுங்கற தூரத்து ஊர்ல இறந்தாரு, 930ல அரண்மனைல இடி விழுந்து ஆளுங்க செத்தப்ப அவரோட கோபம்தான்னு பயந்தாங்க, 947ல கியோட்டோல கிடானோ கோயில் வந்துச்சு, இன்னைக்கு அவர்தான் படிப்புக்கான சாமி, பரீட்சைக்கு முன்னாடி பசங்க அங்கதான் போய் வேண்டிக்கிறாங்க. அநியாயமா செத்தவர பேயா துரத்தாம சாமியா உக்கார வச்ச ஊரு சார் அது.

அரக்கர்கள எதிர்த்து சண்டை போடுறவங்க கதையான டீமன் ஸ்லேயர் அனிமே தொடருக்கும் இதே கதிதான் உங்க கைல. 2025ல அதோட இன்ஃபினிட்டி காசில் படம் தமிழ் டப்பிங்லயே தியேட்டருக்கு வந்துச்சு, நீங்க கிராபிக்ஸ், சண்டை, கூட்டம்னு மட்டும் எழுதி முடிச்சுட்டீங்க. அந்தத் தொடர்ல நாயகன் தஞ்சிரோ, சிலந்தி அரக்கன் ரூயி கரைஞ்சு போறப்ப அவன் முதுகுல கைய வைக்கிறான், அவனோட துணிய மிதிச்ச தன் ஆளையே, கால எடுங்க, இவங்களும் மனுஷங்களா இருந்தவங்கதான்னு கேக்கிறான். தஞ்சிரோவோட அப்பா உடம்புக்கு முடியாத நிலைலயும் புத்தாண்டுல சூரியன் மறைஞ்சதுல இருந்து விடியற வரைக்கும் பனில நெருப்பு தெய்வத்துக்கு ககுராங்கற சாமி ஆட்டம் ஆடுவார், மகனோட பலமே அந்த ஆட்டத்துல இருந்துதான் வருது. அதே படைல இருக்கிற ஹிமெஜிமா ஜபமாலையோட நமு அமிதா புத்சுனு அமிதாப புத்தர வணங்கி சொல்லிட்டே அழுவார். இவ்வளவும் கண்ணு முன்னாடி இருந்தும் ஒரு வரி இல்ல.

இது இன்னைக்கு ஆரம்பிச்சது இல்ல. ஜப்பான், சீனா பத்தி எப்ப எழுதினாலும் கடைசில ஜென் பௌத்தத்த கொண்டுபோன போதிதர்மர் காஞ்சிபுரத்துல இருந்து போனவர், எல்லாம் நம்ம கிட்ட இருந்து போனதுதான்னு முடிக்கிறீங்க. அவர் தென்னிந்தியர்னு பழைய சீனக் குறிப்பும் இருக்கு, பாரசீகத்துக்காரர்னு 6ஆம் நூற்றாண்டுக் குறிப்பும் இருக்கு, ரெண்டையும் போடுறதுதானே முறை? நிஜமாவே இருக்கிற தொடர்ப மட்டும் விட்டுடறீங்க. 2024ல டிராகன் பால் கதைய வரைஞ்ச டோரியாமா இறந்தப்ப, அது ஒரு சண்டை கார்ட்டூன்னு ரெண்டே பத்தில முடிச்சீங்க. அதோட நாயகன் கோகு, மேற்கு நோக்கிய பயணம்ங்கிற சீனக் கதைல வர்ற குரங்கு வீரன் சுன் வூகோங்க வச்சு உருவானவன், அந்தக் கதைல வர்ற துறவி யாரு, யுவான் சுவாங், 7ஆம் நூற்றாண்டுல காஞ்சிபுரத்துக்கே வந்துட்டு போய் எழுதி வச்சவர். கோகு செத்து மேல போனதும் மேஜை போட்டு உக்காந்து கணக்கு பாக்கிற என்மா நம்ம எமன்தான், புத்த மதத்தோட சீனா வழியா அங்க போனவர். இத எழுதியிருந்தா எத்தனை பசங்க ஆசையா படிச்சிருப்பாங்க, எனக்கு அப்ப வந்த ஆத்திரம் இன்னும் ஆறல.

டெசுகா ஒசாமுங்கற ஜப்பான் ஓவியர் 1972ல இருந்து 1983 வரைக்கும் புத்தர் வாழ்க்கைய மங்காவா, அதாவது படக்கதையா வரைஞ்சாரு, ஃபீனிக்ஸ்னு பிறவி, கர்மம் பத்தி தொடர்ந்து வரைஞ்சு முடிக்காமலே 1989ல காலமானாரு. அதுல காவோங்கற ஒத்தைக் கை கொலைகாரன் எப்படி சிற்பியா மாறுறான்னு ஒரு பாகம் இருக்கு, அத படிச்சப்புறம் எனக்கு ரொம்ப நேரம் வேற வேலை ஓடல. முஷிஷிங்கற தொடர்ல கின்கோங்கறவன் ஊர் ஊரா போய், முஷிங்கற விநோத உயிர்கள பத்தி, இதுங்க கெட்டதும் இல்ல நல்லதும் இல்ல, அது அதுபாட்டுக்கு வாழுதுன்னு சொல்லிட்டு போவான். இதையெல்லாம் பொம்மைப்படம்னு ஒதுக்கிறத நான் வருஷக்கணக்கா உங்க பக்கங்கள்ல பாத்துட்டு வர்றேன். பெரியவங்களுக்கான புஸ்தகம்னா முழு பக்கம் ஒதுக்கறீங்க, பிள்ளைங்க விரும்புறதுன்னா மட்டும் யாரோ எதையோ எழுதினா போதும்னு விட்டுடறீங்க.

நான் கேக்கிறது பெருசா ஒண்ணும் இல்ல. வர்ற ஞாயிறு அதே இணைப்புல ரெண்டு வரி போடுங்க, அது பேய்ப்படம் இல்ல, ஜப்பான்காரங்களோட சாமி நம்பிக்கைய வச்சு எடுத்த படம்னு. இயக்குநர் பேர மியாகினு தப்பா அச்சடிச்சிருக்கீங்க, அதையும் மியாசாகினு மாத்திடுங்க. அடுத்த தடவை எழுதறவங்க ஒரு முறையாவது படத்த உக்காந்து பாத்துட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
திருச்சி.