மிதக்கும் ஈ பற்றி நண்பனுக்கு

ராயபுரம்,
மே மாதம்.

அன்புள்ள நண்பனுக்கு,

நலம், நலமறிய ஆவல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் என்பதால் காசிமேட்டில் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. ஆகவே டிரவுட் மீனை ஏமாற்றிப் பிடிக்கத் தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றி நீ கட்டி, உன் கடிதத்துடன் அனுப்பிய செயற்கை ஈயை நூல் நூலாகப் பிரித்துப் பார்க்க எனக்கு நேரம் கிடைத்தது.

நீலகிரியின் அவலாஞ்சி ஓடையில் அது மூன்றாம் வீச்சிலேயே மூழ்கியதற்கு உன் கைத்திறன் காரணமல்ல, நீ எடுத்த இறகுதான் காரணம். பெட்டைக்கோழி இறகு மென்மையானது, தண்ணீரைக் குடித்துவிடும். முதிர்ந்த நாட்டுச் சேவலின் கழுத்து இறகில், அடிப்பகுதியில் உள்ள பஞ்சு போன்ற தூவியை உருவிவிட்டு, விறைப்பான மேற்பகுதியை மட்டும் முள்ளின் தண்டில் சுற்றினால், அதன் இழைகள் நீர்ப்பரப்பை அழுத்தி நிற்குமே தவிரக் கிழித்துக்கொண்டு இறங்காது. வண்ணாரப்பேட்டைக் கறிக்கடையில் சொல்லிவைத்து வாங்கிய ஒரு கழுத்துத் தோலை உப்பிட்டு உலர்த்தி அனுப்பியிருக்கிறேன்.

மேலைநாட்டார் ஈயின் இறக்கைக்கு மான் முடி கட்டுவார்கள். அதனுள்ளே காற்றறைகள் உண்டு. நம் நாட்டு மான்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் காப்பில் இருப்பதால் அதை நாம் நினைக்கவே வேண்டாம். பிள்ளைகளின் கைவேலைக்கென்று பாரிமுனையில் விற்கும் ஃபோம் தாளே போதும். அதன் நுண்ணறைகள் மூடியவை என்பதால் நீர் உள்ளே புகாது. மெல்லிய கம்பியாலான 14ஆம் எண் முள்ளில் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள கீற்றை முதுகாக மடித்துக் கட்டு. நூலை அளவுக்கு மீறி இறுக்கினால் ஃபோம் அறுந்துவிடும்.

ஈயக்குண்டு கட்டி ஆழத்துக்கு இறக்கிப் பழகிய நம் கைக்கு, வீசியபின் கயிற்றைத் தளர விடுவது கடினம்தான். ஆனால் கயிறு இழுத்து, ஈ ஓட்டத்தைவிட விரைவாகவோ குறுக்காகவோ நகர்ந்தால் டிரவுட் அதைத் தொடாது. மீன் ஓட்டத்தை எதிர்த்துத் தலைவைத்து நிற்பதால், அதன் பின்புறம் நின்று, நீர் வரும் திசையை நோக்கி வீசு. ஈ நீரின் போக்கிலேயே உன்னை நோக்கி வரட்டும். ஒரு மீன் கடித்தபின் அதன் வழவழப்பை ஓடையில் அலசி, துணியில் ஒற்றி, காற்றில் நான்கு முறை வெறும் வீச்சு வீசினால் ஈ மறுபடியும் மிதக்கும். வாசலின் தடவுவதானால் மிக மெல்லிதாகத் தடவு. கட்டியாக அப்பினால் இழைகள் ஒட்டிக்கொள்ளும்.

நான் கட்டிய மூன்று ஈக்கள் தீப்பெட்டிக்குள் இருக்கின்றன. அவற்றை ஓர் இரவு குவளைத் தண்ணீரில் போட்டுவை. விடிந்தும் மிதப்பதை மட்டும் ஓடைக்கு எடுத்துப் போ. மீன் மேலெழுந்து வந்ததா என்று உடனே எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்