நமது மோட்டார் சைக்கிள் பயணிகள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, சங்க உறுப்பினர்களே, குடும்பத்தாரே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிர்வாகக் குழு மாதந்தோறும் தவறாமல் கூடியது. தலைக்கவச விழிப்புணர்வு ஊர்வலமும் ரத்த தான முகாமும் நல்லபடியாக நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் விரிவாகப் பேச நினைப்பது, ஜிபிஎஸ் கருவியில் நமக்கான வழியை நாமே போட்டுக்கொள்ளும் பணியைப் பற்றி. இந்த ஆண்டு நாம் செய்ததிலேயே உருப்படியான வேலை அதுதான் என்பது என் கருத்து.

கோவையிலிருந்து சாலக்குடிக்கு வழி கேட்டால் வாளையார், பாலக்காடு, குதிரான் சுரங்கம், திருச்சூர் என்று 544-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையிலேயே கருவி கொண்டுபோய் விட்டுவிடும். சரக்கு ஏற்றிப் போகிறவருக்கு அது சரியான வழி. நாம் போக விரும்புவதோ பொள்ளாச்சி, ஆழியாறு, 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறை, பிறகு மளுக்கப்பாறை, வாழச்சால், அதிரப்பள்ளி. இதை நாம் சொல்லிக் கொடுக்காமல் எந்தக் கருவிக்கும் தெரியாது.

இதற்காக மூத்த உறுப்பினர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சி வகுப்பு எடுத்தார்கள். முதலில் பிடிபட வேண்டியது, வழியில் வைக்கும் புள்ளிகள் இரண்டு வகை என்பது. வயா பாயின்ட் என்பது நின்று போகும் இடம். அதைத் தொடாமல் தாண்டினால், கருவி திரும்பத் திரும்ப அங்கேயே இழுக்கும். ஷேப்பிங் பாயின்ட் அறிவிப்பு எதுவும் தராது. கருவி போடும் வழிக்கோட்டை நாம் விரும்பும் சாலைப் பக்கம் வளைப்பது மட்டுமே அதன் வேலை. பெட்ரோல், டீ, சாப்பாடு ஆகியவற்றுக்கு மட்டும் வயா பாயின்ட், மற்றதெல்லாம் ஷேப்பிங் பாயின்ட் என்று குழு விதி வகுத்திருக்கிறது.

புள்ளியை எங்கே வைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். சாலை பிரியும் இடத்தின் மேலேயே வைக்கக் கூடாது. பிரிந்த பிறகு, நாம் போகிற சாலையில் சற்றுத் தள்ளி வைக்க வேண்டும். வால்பாறைப் பக்கம் தடுக்கி விழுந்தால் ஒரு எஸ்டேட் சாலை. கணினித் திரையில் படத்தைப் பெரிதாக்காமல் புள்ளியைத் தட்டினால், அது பிரதான சாலையை விட்டு விலகித் தேயிலைத் தோட்டத்துக்குள் உட்கார்ந்துகொள்ளும். அன்றைக்குக் கருவி, "இடப்புறம் திரும்பவும்" என்று தோட்டத்துக்குள் அனுப்பி, ஐம்பது மீட்டர் போனதும் "வந்த வழியே திரும்பவும்" என்று சொல்லும். ஈரமான ஏற்றத்தில், பின்னால் ஆளை வைத்துக்கொண்டு கனமான வண்டியைத் திருப்புவது எவ்வளவு ஆபத்து என்பது ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

கொல்லிமலைப் பயணத்தில் நடந்ததையும் பதிவு செய்ய வேண்டும். எல்லோர் கருவியிலும் ஒரே ஜிபிஎக்ஸ் கோப்புதான், அதாவது வழிப் புள்ளிகளைச் சேமித்துப் பகிரும் கோப்பு. அப்படியும் ஒரு பகுதியினர் காரவள்ளி வழியாக 70 வளைவுகள் ஏறினார்கள். மற்றவர்கள் முள்ளுக்குறிச்சிப் பக்கம் போய்விட்டார்கள். செம்மேட்டில் காத்திருந்தவர்களுக்கு நல்ல பதற்றம். விசாரித்ததில், வரைபடப் பதிப்புகள் வேறு வேறாக இருந்தன. எந்தச் சாலைகளைத் தவிர்க்க வேண்டும் என்று கருவிக்குச் சொல்லும் செட்டிங்கும் சிலரிடம் மாறியிருந்தது. கோப்பில் இருந்தவை புள்ளிகள்தான். இடைப்பட்ட சாலையை ஒவ்வொரு கருவியும் தன் கணக்குப்படி தேர்ந்தெடுத்திருக்கிறது.

அதனால் இப்போது மூன்று ஏற்பாடுகள். காரவள்ளி அடிவாரத்தைத் தாண்டி ஒரு ஷேப்பிங் பாயின்ட் கூடுதலாக வைத்துவிட்டோம். புறப்படுவதற்கு முந்தைய இரவு எல்லோரும் தானாக வழி மாற்றும் வசதியை அணைத்துவிட வேண்டும். புள்ளிகளால் ஆன ரூட்டோடு ட்ராக்கும் அனுப்பப்படும். ட்ராக் என்பது வரைந்த கோடு; கருவி அதைத் தன் இஷ்டத்துக்கு மாற்றாது. திரையில் அதை அடர் நிறத்தில் வைத்துக்கொண்டால், குரல் என்ன சொன்னாலும் கோட்டை விட்டு விலகியது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். ஜிபிஎக்ஸ் 2002 முதல் புழக்கத்தில் உள்ள பொது வடிவம் என்பதால், கார்மின் நிறுவனக் கருவி வைத்திருப்பவரும் டாம்டாம் நிறுவனக் கருவி வைத்திருப்பவரும் அதைப் பகிர்ந்துகொள்ளலாம்.

கருவியை மட்டும் நம்ப முடியாத இடம் காடு. பந்திப்பூர் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்படுகிறது. இது 2009-இல் வந்த ஏற்பாடு. 27 வளைவுகள் கொண்ட திம்பம் பாதையிலும் 2022 முதல் நீதிமன்ற உத்தரவுப்படி இரவுக் கட்டுப்பாடு உண்டு. ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழிதான் கிட்டம் என்று கருவி காட்டும். வெளியூர் வண்டிகள் அந்த இறக்கத்தில் இறங்கக் கூடாது என்பதை அது சொல்லாது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் வேறு. யானை கடக்கும் சாலையில் நேரம் பார்த்துப் போவது நம் கடமை. ஆகவே சோதனைச்சாவடி விவரங்களையும் ஒவ்வொரு வழிக் கோப்போடு இணைத்து அனுப்புகிறோம். பயணத்துக்கு முன் அவற்றைச் சரிபார்ப்பது அன்றைய தலைமை ஓட்டுநரின் பொறுப்பு.

கைப்பேசி போதாதா என்று இளம் உறுப்பினர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நகரத்துக்குள் போதும். நீண்ட பயணத்திலோ மதிய வெயிலில் கைப்பேசி சூடேறித் திரை மங்கும். மழைத்துளி விழுந்தால் தொடுதிரை தாறுமாறாக வேலை செய்யும். எஞ்சின் அதிர்வு ஐபோன் கேமராவைப் பாதிக்கலாம் என்று 2021-இல் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்திருக்கிறது. கருவியின் விலை எல்லோருக்கும் கட்டுப்படியாகாது என்பதும் உண்மை. எனவே முன்னால் போகிறவருக்கும் கடைசியில் வருகிறவருக்கும் கொடுக்கச் சங்கமே இரண்டு கருவிகள் வாங்கலாம் என்ற தீர்மானத்தைப் பொதுக்குழு முன் வைக்கிறேன்.

வரும் ஆண்டுக்கு அந்தியூர், பர்கூர், கொள்ளேகால் வழி தயாராகி வருகிறது. அந்தப் பக்கத்து உறுப்பினர்கள் சாலையின் இப்போதைய நிலையைப் பார்த்துச் சொன்னால், புள்ளிகளை இறுதி செய்துவிடலாம். வகுப்பெடுத்த மூத்தவர்களுக்கும், பயிற்சிக்கு இடம் தந்த ஒர்க்‌ஷாப் உரிமையாளருக்கும் சங்கத்தின் சார்பில் மனமார்ந்த நன்றி. அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்