ஜூரி சொன்ன தொகை வேறு, கைக்கு வந்த தொகை வேறு

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் மருத்துவ அலட்சிய வழக்குகளில் கிடைத்த பெரிய இழப்பீடுகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையையும் அதன் கீழிருந்த பட்டியலையும் படித்தேன். லாட்டரியில் பரிசு விழுந்ததைச் சொல்வது போன்ற தொனி கட்டுரை முழுக்க இருந்தது. பட்டியலில் இருப்பவை எல்லாம் ஜூரி, அதாவது வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு, அறிவித்த தொகைகள். அவற்றில் எவ்வளவு உண்மையில் கைமாறியது என்று ஒரு வரிகூட இல்லை.

பட்டியலின் முதல் வரியையே எடுத்துக்கொள்வோம். 2019 ஜூலையில் பால்டிமோர் ஜூரி, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பேவியூ மருத்துவமனை மீதான பிரசவ வழக்கில் ஏறத்தாழ 22.9 கோடி டாலர் அறிவித்தது உண்மை. மேரிலாந்து மாநிலச் சட்டத்தில் வலி, வேதனைக்கான தொகைக்கு வரம்பு இருப்பதால் அது முதலில் சுமார் 20.5 கோடியாகக் குறைந்தது. 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அலட்சியம் நடந்ததற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று தீர்ப்பையே ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பின்படி மருத்துவமனை கொடுக்க வேண்டியது பூஜ்யம். அடுத்து அயோவா மாநிலத்தின் அயோவா சிட்டி. 2022-இல் அங்கே ஒரு பிரசவ வழக்கில் 9.74 கோடி டாலர் அறிவிக்கப்பட்டது. அந்தப் பரபரப்பு அடங்குவதற்குள், 2023-இல், வலி, வேதனைக்கான தொகைக்கு மருத்துவமனை என்றால் 20 லட்சம், மற்றவர்களுக்கு 10 லட்சம் டாலர் என்று மாநிலம் உச்சவரம்பு கொண்டுவந்தது. தீர்ப்போ 2024-இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் ரத்தாகி, மறுவிசாரணைக்குப் போனது. தொகை நிற்கவில்லை, அது கிளப்பிய பயத்தில் வந்த சட்டம் நின்றுவிட்டது.

இனி, தொகை ஏன் இவ்வளவு பெரிதாகிறது என்ற கேள்வி. ஜூரிக்கு டாக்டர் மேல் வரும் கோபம்தான் காரணம் என்கிறது கட்டுரை. சில வழக்குகளில் அதுவும் இருக்கலாம். ஆனால் பட்டியலில் பாதிக்கு மேல் பிரசவ வழக்குகளாக இருப்பதைக் கவனித்தீர்களா? பிறக்கும்போது ஆக்சிஜன் குறைந்து மூளை பாதிக்கப்பட்ட குழந்தைக்கு வாழ்நாள் முழுக்க ஆள் வேண்டும். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். பராமரிப்பாளருக்கு மணிக்கு 30 டாலர் என்று வைத்தாலே ஆண்டுக்கு 2,62,800 டாலர். 50 ஆண்டுக்கு 1.31 கோடி. சக்கர நாற்காலி, வயிற்றுக்குழாய் வழி உணவு, வலிப்பு மருந்து, வீட்டில் சாய்தளம், வேன் எல்லாம் இதற்கு மேல். எதை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது வரை வரிவரியாக எழுதிய பராமரிப்புத் திட்டம் ஒன்றை வாதித் தரப்பு நீதிமன்றத்தில் வைக்கும்.

அந்தத் திட்டத்தைப் பொருளாதார நிபுணர் இன்றைய மதிப்புக்கு, அதாவது இன்றே மொத்தமாகக் கொடுத்து வட்டியில் போட்டால் எவ்வளவு போதும் என்ற கணக்குக்கு, கொண்டுவருவார். சண்டை சூடு பிடிப்பது இங்கேதான். வட்டிக்கும் விலைவாசிக்கும் உள்ள வித்தியாசம் 1 சதவீதம் என்றால் மேற்சொன்ன 50 ஆண்டுச் செலவின் இன்றைய மதிப்பு சுமார் 1.03 கோடி டாலர். அதையே 3 சதவீதம் என்று வைத்தால் 68 லட்சத்துக்குள் அடங்கிவிடும். குழந்தை 25 வயதுவரைதான் வாழும் என்று பிரதிவாதியின் நிபுணர் சொல்லி ஜூரியும் அதை ஏற்றால், 1 சதவீதக் கணக்கிலேயே 58 லட்சம். ஒரே குழந்தை, ஒரே காயம். ஒரு குழந்தை சீக்கிரம் இறந்துவிடும் என்று நிரூபிப்பதில் ஒரு தரப்புக்கு லாபம் இருக்கிறது என்பது இந்த முறையின் அசிங்கமான பக்கம். அதைக் கட்டுரை தொடவே இல்லை.

உச்சவரம்பு வந்ததால் நோயாளிகளுக்குப் பெரிய நஷ்டம் இல்லை என்று ஒரு வாக்கியம் இருந்தது. கலிபோர்னியாவைப் பாருங்கள். 1975-இல் வலி, வேதனைக்கு 2.5 லட்சம் டாலர் என்று வைத்த வரம்பை 47 ஆண்டுகள் ஒரு டாலர்கூட ஏற்றவில்லை. 2022-இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். 2023 முதல் காயத்துக்கு 3.5 லட்சம், மரணத்துக்கு 5 லட்சம் என்று தொடங்கி, பத்தாண்டில் படிப்படியாக 7.5 லட்சமும் 10 லட்சமும் ஆகும். மருத்துவச் செலவுக்கும் சம்பள இழப்புக்கும் அங்கே வரம்பு இல்லை. அதனால் நல்ல சம்பளம் வாங்கும் 40 வயதுக்காரரின் வழக்கு பெரிதாக நிற்கும். சம்பளம் இல்லாத 75 வயது மூதாட்டி இறந்தால் மிஞ்சுவது வரம்புக்குள் அடங்கும் தொகை மட்டும்தான். நிபுணர்களுக்கும் வாக்குமூலப் பதிவுக்கும் கைக்காசைப் போட்டு நடத்தும் வழக்கறிஞர் அந்த வழக்கைத் தொடமாட்டார். வரம்பு அடிப்பது பெரிய வழக்கை அல்ல, வாசல்படியே ஏறாத வழக்கை. இந்தியானாவில் நிலைமை இன்னும் இறுக்கம்: 2019 ஜூன் 30-க்குப் பின் நடந்த சம்பவங்களுக்கு, மருத்துவச் செலவு உட்பட எல்லாம் சேர்த்தே 18 லட்சம் டாலர்தான்.

அரசு மருத்துவமனை என்றால் கதையே வேறு. புளோரிடாவில் அரசுத் தரப்பு தர வேண்டியதற்கு 2011-இல் வைத்த வரம்பு ஒருவருக்கு 2 லட்சம் டாலர். ஜூரி 2 கோடி சொன்னாலும் மீதிக்கு மாநிலச் சட்டமன்றத்தில் தனி மசோதா நிறைவேற வேண்டும். அதற்கு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு.

தீர்ப்பையும் சமரசத்தையும் கட்டுரை ஒன்றாகக் குழப்பியிருக்கிறது. பெரும்பாலான வழக்குகள் ஜூரி வரை போவதே இல்லை. போனவற்றிலும் பெரும்பகுதி மருத்துவர் பக்கம்தான் முடிகிறது. சமரசத் தொகையை முதலில் கட்டிப்போடுவது காப்பீட்டு பாலிசி. டாக்டருக்கு வழக்கமாக இருப்பது ஒரு சம்பவத்துக்கு 10 லட்சம், ஆண்டுக்கு மொத்தம் 30 லட்சம் டாலர். அதற்கு மேல் அவர் வீட்டை விற்க வைப்பது அபூர்வம்; வாதியின் வழக்கறிஞர் தேடுவது மருத்துவமனையின் மேலடுக்குக் காப்பீட்டை, அதாவது அடிப்படை பாலிசி தீர்ந்த பிறகு கைகொடுக்கும் கூடுதல் காப்பீட்டை. பாலிசி வரம்புக்குள் முடித்துக்கொள்ளலாம் என்று வாதி எழுத்தில் கேட்டு, காப்பீட்டு நிறுவனம் நியாயமில்லாமல் மறுத்து, பிறகு ஜூரி அதைத் தாண்டிவிட்டால், மிச்சத்தையும் நிறுவனமே கட்ட நேரிடலாம். தேதி குறித்து அனுப்பும் அந்த ஒரு கடிதம்தான் பல வழக்குகளில் நெம்புகோல்.

இன்னொன்று, ஜூரிக்குத் தெரியாமல் இரு தரப்பும் போட்டுக்கொள்ளும் கீழ்-மேல் ஒப்பந்தம். தோற்றாலும் 10 லட்சம், எவ்வளவு ஜெயித்தாலும் 1 கோடி என்று முன்பே கையெழுத்தாகியிருக்கும். ஜூரி 5 கோடி என்று அறிவிக்கும், மறுநாள் பத்திரிகையில் 5 கோடி வரும், காசோலை 1 கோடிக்குத்தான் எழுதப்படும்.

பேரம் எந்தப் பக்கம் சாயும் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் இரண்டு பதிவுகள். ஒன்று, குழந்தையின் இதயத் துடிப்பு வரைபடம். அங்கே அது நிமிடத்துக்கு 3 செ.மீ. வேகத்தில் ஓடும். கீழே கருப்பைச் சுருக்கத்தின் மேடு, மேலே துடிப்பின் கோடு. மேடு உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கிய பிறகும் துடிப்பு தாழ்ந்துகொண்டே இருந்து, அந்தத் தாழ்வு ஒவ்வொரு சுருக்கத்துக்கும் திரும்பத் திரும்ப வந்தால், அதைப் பார்த்தும் கருப்பைச் சுருக்கத்தைத் தூண்டும் ஆக்சிடோசின் மருந்தின் அளவை ஏற்றினார்களா என்று கேட்பார்கள். இரண்டாவது, கணினி மருத்துவப் பதிவின் உள்தடம். எந்தப் பக்கத்தை யார், எத்தனை மணிக்குத் திறந்தார், எதைத் திருத்தினார் என்பது நொடிக்கணக்கில் அதில் இருக்கும். அச்சிட்ட கேஸ் ஷீட்டில் ‘2.10-க்கு டாக்டரிடம் சொல்லப்பட்டது’ என்று இருந்து, அந்த வரி விடிகாலை 6.40-க்குத் தட்டச்சானது என்று உள்தடம் காட்டினால், அன்றே சமரசப் பேச்சு தொடங்கிவிடும். பாதிப்பு பிரசவத்துக்கு முன்பே வயிற்றுக்குள் நடந்துவிட்டது என்று வாதிட மருத்துவமனைக்கும் ஆதாரம் வேண்டும். தொப்புள்கொடி ரத்தத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவும் நஞ்சுக்கொடியின் பரிசோதனையும்தான் அது. நஞ்சுக்கொடியைக் குப்பையில் போட்டுவிட்டால் இழப்பு இரண்டு தரப்புக்கும்.

பணம் வந்த பிறகு கழிவுகள். வழக்கறிஞர் கட்டணம் பல மாநிலங்களில் மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்கு மேல். நியூயார்க்கில் மருத்துவ வழக்குக்கு மட்டும் இறங்குவரிசை: முதல் 2.5 லட்சத்துக்கு 30 சதவீதம், அடுத்த 2.5 லட்சத்துக்கு 25, அடுத்த 5 லட்சத்துக்கு 20, அடுத்த 2.5 லட்சத்துக்கு 15, அதற்கு மேல் 10. செலவு போக 1 கோடி டாலர் என்றால் கட்டணம் 11.5 லட்சம். பிறகு இதுவரை சிகிச்சைக்குப் பணம் கட்டிய மெடிக்கெய்டு, அதாவது வசதி குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு, தன் பங்கைக் கேட்கும். எதிர்கால மருத்துவச் செலவுக்கென ஒதுக்கிய பகுதியிலிருந்தும் அது எடுத்துக்கொள்ளலாம் என்று 2022-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இழப்பீட்டில் பாதி வரிகட்டவே போய்விடும் என்று கட்டுரை சொல்வது தவறு. உடல் காயத்துக்கான இழப்பீட்டுக்கு அங்கே கூட்டாட்சி வருமான வரி கிடையாது. தண்டனையாக விதித்த தொகைக்கும் வட்டிக்கும்தான் உண்டு. மாதாமாதம் வரும்படி சமரசத்திலேயே எழுதிக்கொண்டால் அந்தத் தொகைக்கும் வரி இல்லை. ஆனால் மொத்தப் பணத்தையும் குழந்தையின் பெயரில் வங்கியில் போட்டால், சொத்து வரம்பைத் தாண்டி மெடிக்கெய்டு தகுதி போய்விடலாம். அதற்காகத்தான், பணத்தைக் குழந்தையின் சொத்தாகக் கணக்கில் சேராதபடி வைத்திருக்கும் சிறப்புத் தேவை அறக்கட்டளை என்ற ஏற்பாடு. பயனாளி இறந்த பின் அதில் மிஞ்சியிருப்பதிலிருந்து மெடிக்கெய்டுக்கு முதலில் திருப்பிக் கட்ட வேண்டும்.

எனவே பட்டியலின் முதல் வரியை நீக்கியும், அயோவா வரிக்கு எதிரே ‘ரத்து, மறுவிசாரணை’ என்று சேர்த்தும் திருத்தம் வெளியிடுங்கள். மற்ற வரிகளுக்கும் ஜூரி சொன்ன தொகை, மேல்முறையீட்டுக்குப் பின் நின்ற தொகை என்று இரண்டு கட்டங்கள் போடலாம். சமரசத்தில் முடிந்தவற்றுக்கு இரண்டாவது கட்டம் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். தொகையை வெளியே சொல்லக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்