சீசன் இன்னும் முடியவில்லை, பாப்பா

பாப்பா,

"எல்லாம் முடிஞ்சுபோச்சும்மா" என்று சொல்லி நீ போனை வைத்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. பேசினால் நடுவில் ரெண்டு பேரும் அழுதுவிடுவோம், அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் கல்லூரி கால்பந்து அணி ஏசிசி (அமெரிக்கக் கல்லூரிகளின் அட்லாண்டிக் கோஸ்ட் லீக்) டோர்னமென்ட்டுக்குள் போக முடியாதது ஏமாற்றம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் யாரோடு மோதினீர்கள் என்று பார். 17 அணிகள், ஆளுக்குப் பத்து ஆட்டம், அதில் நார்த் கரோலினா, புளோரிடா ஸ்டேட், ஸ்டான்ஃபோர்ட், நோட்ரடாம் என்று தேசியக் கோப்பை வாங்கிய கல்லூரிகளே நாலு. 2022இலிருந்து லீக் ஆட்டத்தில் எக்ஸ்ட்ரா டைம் வேறு கிடையாது, 90 நிமிஷத்தில் டிரா என்றால் டிராதான், ஒரு பாயிண்ட்டோடு கிளம்ப வேண்டியதுதான். உங்கள் டிராக்களில் ஒன்றே ஒன்று கைகூடியிருந்தால் இந்நேரம் கதையே வேறு.

2024இல் என்ன நடந்தது என்று உனக்கே தெரியும். ஏசிசி கோப்பையை புளோரிடா ஸ்டேட் தூக்கிக்கொண்டு போனது. அதே வருஷம் டிசம்பரில், கேரி நகர மைதானத்தில், வேக் ஃபாரஸ்ட்டை 1-0 என்று ஜெயித்து தேசியக் கோப்பையை வாங்கியது நார்த் கரோலினா. இறுதி ஆட்டத்தில் நின்ற ரெண்டு அணிகளுமே ஏசிசிதான், ரெண்டுமே அந்த வருஷம் ஏசிசி டோர்னமென்ட்டை ஜெயிக்காதவை. அந்தத் தேசியக் கோப்பைக்காக நடக்கும் என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம்) போட்டிக்கு 64 அணிகளை எடுக்கிறார்கள். லீக் சாம்பியன்களுக்கு நேரடி இடம், மீதி இடங்களைக் கமிட்டி நிரப்புகிறது, அவர்கள் யாரை ஜெயித்தாய், எவ்வளவு கஷ்டமான அட்டவணை ஆடினாய் என்றுதான் பார்ப்பார்கள். ஏசிசியில் தேய்ந்த கால்களுக்கு அங்கே மதிப்பு உண்டு.

அப்புறம், ஸ்டான்ஃபோர்ட் ஆட்டத்தைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். நாட்டின் அந்தக் கரையிலிருந்து பறந்து வந்து, மூன்று மணி நேர வித்தியாசம் உடம்பில் ஏறாமலேயே வியாழன் ராத்திரி ஆடினீர்கள். நானும் அப்பாவும் கார்னர் கொடிக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தோம். கடிகாரம் பத்து நிமிஷத்துக்குக் கீழே இறங்கியபோது அவர்களுடைய விங்கர் உன்னைத் தாண்டிவிட்டாள், தாண்டியே விட்டாள், நீ பின்னாலேயே ஓடிச் சறுக்கி பந்தை மட்டும் வெளியே தள்ளினாய். எழுந்ததும் முழங்காலைக்கூடப் பார்க்கவில்லை, பக்கத்துப் பெண்ணிடம் எங்கே நிற்க வேண்டும் என்று கையைக் காட்டினாய். அந்த ஆட்டத்தில் நீங்கள் தோற்றீர்கள். எனக்கு அந்தக் கைதான் இன்னும் கண்ணில் நிற்கிறது. சின்ன வயதில் கடையில் விலை கேட்கக்கூட என் பின்னால் ஒளிந்த பெண் நீ!

பெண்களுக்கான என்சிஏஏ கால்பந்து போட்டி 1982இல் தொடங்கியபோது வெறும் 12 அணிகள். இன்றைக்கு 64 இடத்துக்கு இத்தனை கல்லூரிகள் அடித்துக்கொள்கின்றன என்றால், அதற்குள் நீ இருப்பதே எனக்குப் பெருமை. அந்தப் பெருமை திங்கட்கிழமை வரப்போகும் 64 அணிகளின் பட்டியலைப் பார்த்து ஏறி இறங்காது.

சரி, இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நாளைக்கு டிரெய்னிங்குக்குப் போ. கணுக்காலுக்கு ஐஸ் வை, வலியை டிரெய்னரிடம் மறைக்காதே. ராத்திரி பாலில் சீரியலைக் கொட்டிச் சாப்பிட்டுப் படுக்காமல் சோறு சாப்பிடு, நான் அனுப்பின பருப்புப்பொடி தீரவில்லை என்று எனக்குத் தெரியும். திங்கட்கிழமை பெயர் வந்தால் முதல் ஆட்டம் எந்த ஊரில் என்று உடனே சொல், அப்பா டிக்கெட் போடக் காத்துக்கொண்டிருக்கிறார்.

அம்மா