இரண்டு வருடம் என்று சொல்லித்தான் கூட்டிப்போனார்கள்

அன்புள்ள மூர்த்தி,

திட்டுவதையெல்லாம் நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் நலம், பாலுவுக்கு இன்னும் அதே தலைமுடிக் கவலைதான்.

நான் எழுத உட்கார்ந்தது கிரைஸ் ஃபியோர்ட் பற்றி. கனடாவின் வடகோடியில், எல்ஸ்மியர் தீவின் தென்கரை ஊர். 2021 கணக்கெடுப்பில் 144 பேர். நவம்பரில் போகும் சூரியன் பிப்ரவரியில்தான் எட்டிப் பார்க்கும். நீ ஊட்டியிலேயே கம்பளியை விட்டு வெளியே வராத ஆள், உனக்கு எங்கே புரியப் போகிறது.

ஆனால் சங்கதி குளிர் இல்லையடா. அந்த ஊரை அரசாங்கம் ஆட்களைக் கொண்டுபோய் இறக்கித்தான் உண்டாக்கியது. 1953-இல், வட கியூபெக்கின் இனுக்ஜுவாக்கில் இருந்த இனுவிட் என்ற ஆர்க்டிக் பழங்குடிக் குடும்பங்களிடம் போலீஸ்காரர்கள் போய், வடக்கே வேட்டை செழிப்பு, பிடிக்காவிட்டால் இரண்டு வருடத்தில் திரும்பிவிடலாம் என்றார்கள். அந்தக் காலத்தில் அங்கே போலீஸ் கேட்டு மறுத்துப் பேசுகிறவர் யார்? சி.டி. ஹோவ் என்ற கப்பலில் ஏற்றி, சுமார் 2000 கிலோமீட்டர் வடக்கே. தங்களைப் பிரிக்கப் போகிறார்கள், சிலர் எல்ஸ்மியருக்கு, சிலர் வேறொரு தீவில் இருக்கும் ரெசலூட்டுக்கு என்பது கப்பலில்தான் தெரிந்தது. பெண்கள் அழ ஆரம்பித்ததும் நாய்களும் சேர்ந்து ஊளையிட்டதாக, அப்போது சிறுவனாக இருந்த ஜான் அமகோவாலிக் பிற்பாடு சாட்சி சொன்னார்.

முதல் குளிர்காலம் கூடாரத்தில். வேட்டை செழிப்பு என்றவர்களே, மஸ்க் ஆக்ஸ் என்ற அங்கத்திய சடை மாட்டைச் சுட்டால் அபராதம் என்றார்கள்! இருட்டில் கடல்நாய் பிடிப்பதையெல்லாம் ஏற்கெனவே வடக்கே வாழ்ந்து பழகிய, பாண்ட் இன்லெட் என்ற ஊரிலிருந்து கூட்டிவந்த குடும்பங்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. இரண்டு வருடம் முடிந்தது, திருப்பி அனுப்பவில்லை, 1955-இல் இன்னும் சில குடும்பங்களைத்தான் கொண்டுவந்தார்கள்.

ஆள் குடியிருந்தால்தான் அந்தத் தீவுகள் கனடாவுடையவை என்று காட்ட முடியும், அதற்காகத்தான் என்பது இனுவிட் தரப்பு. அரசோ, இனுக்ஜுவாக்கில் பசி, அவர்கள் நல்லதுக்குத்தான் செய்தோம் என்றே வெகுநாள் சாதித்தது. சரி, பசி உண்மை என்றே வைத்துக்கொள், பசித்தவனை இதைவிடக் கஷ்டமான இடத்திலா இறக்குவார்கள்? செல்வத்திடம் சொன்னேன், "இப்போது பள்ளிக்கூடம் எல்லாம் இருக்கிறதே" என்றான். அவனைத்தான் தெரியுமே.

எனக்கு ஆறாதது இதுதான். 1989-இல் ஒருவழியாக ஊர் திரும்ப அரசு உதவியது, நாற்பது பேர் போனார்கள். வடக்கிலேயே பிறந்த பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நின்றுவிட்டார்கள், அவர்களுக்குச் சொந்த ஊர் அதுதானே. குடும்பங்கள் மறுபடி இரண்டாகின. மன்னிப்பு வந்தது 2010-இல்.

சட்டம் படித்தவன் நீ. இரண்டு வருடம் என்ற அந்த வாய்வார்த்தை கோர்ட்டில் நிற்குமா? யோசித்து எழுது, செல்வத்துக்கு மட்டும் காட்டாதே.

உன்,
ரவி